நான்கு வட்டும் ஒரு கணக்கும்



சென்ற திங்களில் நம் சங்கத்துப் படிப்பகக் கணிப்பொறி பதினைந்து நாள்கள் வேலை செய்யவில்லை. வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் பலர். மாதுங்கா நிலையத்து நடைமேடையில் என்னை நிறுத்தி, "பெட்டிக்கு என்ன ஆயிற்று? எங்கள் தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா, போயினவா?" என்று கேட்டவர்களும் உண்டு. வண்டி வரும் நேரத்தில் நின்றபடியே சொல்லி முடிக்கக்கூடிய விடை அன்று அது. ஆகவே இத் திங்கள் இப் பகுதியை அதற்கே ஒதுக்குகின்றேன். நடந்ததில் என் பிழையும் உண்டு. அதையும் ஒளிக்காமல் எழுதுகின்றேன்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை யாவை என்பதை முதலில் சொல்லவேண்டும். உறுப்பினர் பதிவேடு, இரவுப் பள்ளி மாணவரின் மதிப்பெண் பட்டியல், நம் இதழின் பழைய தொகுதிகளின் படங்கள் ஆகியவை இருந்தன. இவற்றினும் முக்கியமானவை, தாராவி அன்பர்கள் கொண்டுவந்து படமெடுத்து வைத்த குடும்ப அட்டைகளும், பழைய மின்கட்டணச் சீட்டுகளும். தாராவி மறுசீரமைப்பில் விலையின்றி அங்கேயே வீடு பெற விரும்புவோர், 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பே அங்குக் குடியிருந்ததற்குச் சான்று காட்டவேண்டும். இருபத்தைந்து ஆண்டுக்கு முந்திய ஒரு துண்டுச் சீட்டில் ஒரு குடும்பத்தின் கூரை தொங்கிக்கொண்டிருக்கிறது. அச் சீட்டு மழையிலோ கரையானிலோ அழிந்துபோனாலும், அதிலுள்ள எண்ணாவது எஞ்சட்டும் என்பதற்காகவே அந்த வேலையைத் தொடங்கினோம்.

இத்தகைய கணிப்பொறியைச் சர்வர் என்பார்கள். மாதுங்காவில் சர்வர் என்றால் இட்டலி கொண்டுவருபவரே நம் நினைவுக்கு வருவார். இதுவும் அவ்வாறே. கேட்பவர்க்கெல்லாம் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதே இதன் வேலை. இதை இயக்குவது யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸ். யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் வழியைப் பின்பற்றி 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியதே லினக்ஸ். அதை விலையின்றிப் பெறலாம் என்பதால் நம் சங்கத்துக்குப் பொருத்தமாயிற்று.

அந்தப் பெட்டியில் ஹார்டு டிஸ்க் எனப்படும் வட்டுகள் நான்கு இருந்தன. அவற்றை ரெய்டு என்னும் முறையில் இணைத்திருந்தோம். ரெய்டு என்றதும் வருமான வரிக்காரர் கதவைத் தட்டுவதை எண்ணி அஞ்சவேண்டா. விலை மிகுந்த ஒரே பெரிய வட்டுக்கு மாற்றாக, மலிவான சிறு வட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து, அவற்றுள் ஒன்று கெட்டாலும் செய்தி கெடாதவாறு அமைக்கும் முறைக்கு அப் பெயர். கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையால் அப் பெயர் நிலைத்தது. இதற்கெனத் தனி மின்பலகை வாங்காமல், லினக்ஸே அந்த வேலையைச் செய்யுமாறு விடுவது மென்பொருள் ரெய்டு. நம்முடையது அவ் வகை.

ஒரு வட்டு கெட்டால் அதிலிருந்த செய்தி எப்படி மீளும்? இதற்கு மந்திரம் ஒன்றும் வேண்டா. ரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் கணக்கெழுதும் எனக்கு இது மிகவும் பழகிய உத்தி. மூன்று பதிவுகள்: 125, 340, 210. அவற்றின் கூட்டுத்தொகை 675. நடுவில் உள்ள எண்ணின்மேல் மை கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 675இலிருந்து 125ஐயும் 210ஐயும் கழித்தால் 340 தானே வந்து நிற்கும். ஆக, மூன்று வட்டுகளின் அளவுக்குச் செய்தி, ஒரு வட்டின் அளவுக்குக் கூட்டுத்தொகை. இதுவே ஐந்தாம் வகை ரெய்டு. கூட்டுத்தொகையை ஒரே வட்டில் வைக்காமல் நான்கிலும் மாறி மாறி எழுதிச் செல்வது அதன் வழக்கம்.

கணிப்பொறிக்கு ஒன்றும் சுழியுமே எழுத்துகள். ஆதலின் அது கூட்டுவதும் எளிய முறையே. சிறுவயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு, "ஒற்றையா, இரட்டையா?" என்று விளையாடியிருக்கிறோம் அல்லவா? அதேதான். மூன்று வட்டுகளிலும் ஒரே இடத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து, ஒன்றுகள் ஒற்றைப்படையானால் நான்காவதில் ஒன்று, இரட்டைப்படையானால் சுழி. எந்த வட்டு கெட்டாலும், எஞ்சிய மூன்றையும் பார்த்துக் கெட்டதில் இருந்தது ஒன்றா சுழியா என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு வட்டுகள் ஒருங்கே போனால் கணக்கு நிற்காது. இரண்டு எண்களின்மேல் மை கொட்டினால் எந்தக் கணக்கரும் திகைத்தே நிற்பார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடி மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில் பெட்டி தானாக நின்றுவிட்டது. மறுநாள் காலையில் படிப்பகத்தைத் திறந்தவர்கள் பொத்தானை அழுத்தினார்கள். அஃது எழுந்து ஓடியது. "மின்சாரம் போய் வந்திருக்கும்" என்று எல்லாரும் அமைதி கொண்டார்கள். பதினொரு நாள்கள் கழிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஐந்து குடும்பத்தாரின் தாள்களைப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது மீண்டும் நின்றது. இம் முறை பொத்தானை அழுத்தியும் பயனில்லை. கணிப்பொறி எழுந்தது, வட்டுத் தொகுதி எழவில்லை.

செம்பூரில் வீட்டில் இருந்த எனக்குச் செயலாளர் அண்ணாச்சி தொலைபேசியில் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது, நம் இளைஞர் ஒருவர் திரையின்முன் அமர்ந்திருந்தார். "அண்ணே, தொகுதியைப் புதிதாக உருவாக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் போலிருக்கிறது" என்றார். அவர் விரல் அந்தப் பொத்தானின்மேல் இருந்தது.

"தம்பி, கையை எடுங்கள்" என்றேன். சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். பிறகு அதற்கு வருந்தினேன்.

புதிதாக உருவாக்கும் கட்டளை, வட்டுகளின் தலைப்பில் உள்ள பழைய குறிப்பை அழித்துப் புதிய குறிப்பை எழுதும். வட்டுகளின் வரிசை ஓர் இடம் மாறினாலும், அதற்கு மேல் நடக்கும் திருத்தமெல்லாம் உள்ளதையும் சிதைப்பதாகவே முடியும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். விழுந்த தொகுதியின்முன் உட்காருபவர் கொள்ளவேண்டிய முதல் விதி: படிக்கலாம், எழுதக்கூடாது.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்தேன். எந்த வட்டு எந்தத் துளையில் இருக்கிறது, அதன்மேல் அச்சிட்ட எண் யாது என்பவற்றைக் குறித்தேன். அடுத்துக் கணிப்பொறியின் நாட்குறிப்பைப் படித்தேன். லினக்ஸ் தனக்கு நேர்ந்ததை எல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும். நம்மில் பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. பதினொரு நாளுக்கு முந்திய அந்த இரவில், இரண்டாம் வட்டு ஓரிடத்தைப் படிக்க முடியாமல் திணறியதும், தொகுதி அதனை விலக்கியதும் அதில் தெளிவாக இருந்தன. அதன் பிறகு மூன்று வட்டுகளைக் கொண்டே ஓடியிருக்கிறது. ஞாயிறு மாலை மூன்றாம் வட்டும் விலகியது. நான்கில் இரண்டு போனபின் தொகுதி நிற்காமல் என்ன செய்யும்?

லினக்ஸில் எம்டிஸ்டாட் என்றொரு கோப்பு உண்டு. தொகுதி ஓடும்போது அதில் நலமாயுள்ள ஒவ்வொரு வட்டுக்கும் 'யூ' என்னும் ஆங்கில எழுத்தும், விழுந்ததற்கு ஓர் அடிக்கோடும் காணப்படும். அந்தப் பதினொரு நாளும் அங்கே அடிக்கோடு இருந்தது; பார்ப்பார்தாம் இல்லை. வட்டு விழுந்தால் மடல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. மூன்றாண்டுக்கு முன் அமைக்கும்போது, யாரும் திறவாத ஒரு முகவரிக்கு அம் மடல் செல்லுமாறு விட்டவன் நான். முதற் பிழை அது.

அடுத்து, ஒவ்வொரு வட்டின் தலைப்பிலும் எழுதப்பட்டுள்ள நிகழ்ச்சி எண்ணைப் பார்த்தேன். தொகுதியில் மாற்றம் நிகழுந்தோறும் அவ் வெண் ஏறிக்கொண்டே போகும். கணக்கேட்டின் கடைசிப் பதிவெண் போன்றது அது. முதலாம் வட்டிலும் நான்காம் வட்டிலும் 48,216. மூன்றாவதில் 48,209. இரண்டாவதில் 41,530. இதைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவது பதினொரு நாள் பின்தங்கிய ஏடு. அதனைச் சேர்த்தால் பழையதும் புதியதும் கலந்து குழம்பும். மூன்றாவதோ ஏழே பதிவுகள் பின்தங்கியது. ஆகவே ஒன்று, மூன்று, நான்கு ஆகிய மூன்றையும் சேர்த்து, "இவற்றைக் கொண்டே எழு" என்று தொகுதியை வற்புறுத்தலாம். எம்டிஅட்ம் என்னும் கருவியில் அதற்கென ஒரு கட்டளை உண்டு.

ஆனால் அதையும் உடனே செய்யவில்லை. லாமிங்டன் சாலைக்குச் சென்று புதிய வட்டுகள் வாங்கிவந்து, அம் மூன்று வட்டுகளையும் எழுத்துக்கு எழுத்து படியெடுத்தோம். டிடிரெஸ்கியூ என்னும் கருவி இதற்கு மிகவும் உதவுவது. படிக்கமுடியாத இடத்தில் அது முட்டிக்கொண்டு நிற்பதில்லை. நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடத்துக்குப் பின்னர்த் திரும்பி வரும். இரண்டு டெராபைட் அளவுள்ள வட்டு ஒன்றைப் படியெடுக்க ஐந்து மணி நேரத்துக்குக் குறையவில்லை. மூல வட்டுகளைக் கட்டி வைத்துவிட்டு, படிகளைக் கொண்டே தொகுதியை எழுப்பினோம். படிக்க மட்டுமே இசைவு தந்து திறந்தோம். கோப்புகள் வந்தன. அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று வெயில் இல்லை, மழைதான் பெய்துகொண்டிருந்தது.

செய்தி மீண்டது போதும் என்று விட்டுவிடலாகாது. காரணம் காணாத நோய் மறுபடியும் வரும். வட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கின்றன. ஸ்மார்ட் என்பது அக் குறிப்பின் பெயர். இரண்டாம் வட்டின் குறிப்பில், கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. அது மெய்யாகவே சாகும் வட்டு. மூன்றாம் வட்டிலோ அத்தகைய குறை ஒன்றும் இல்லை. வட்டுக்கும் பலகைக்கும் இடையில் செய்தி சிதைந்த எண்ணிக்கை மட்டும் மிகுந்திருந்தது. அது வட்டின் நோயன்று, கம்பியின் நோய். கம்பியைக் கழற்றிப் பார்த்தால் முனையில் களிம்பு. நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் அது வியப்பன்று. மலிவான ஒரு கம்பியை மாற்றியதும் அவ் வட்டு நலமடைந்தது. கம்பியைப் பாராமல் வட்டைக் குப்பையில் எறிந்திருந்தால், புதிய வட்டும் அதே கம்பியில் தொங்கி அதே பழியைச் சுமந்திருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வீட்டுக் கணிப்பொறிக்கென விற்கும் வட்டு, ஓரிடத்தைப் படிக்க முடியாவிட்டால் மீண்டும் மீண்டும் முயலும்; ஒரோவழி சில நிமிடங்கள்கூட ஆகும். லினக்ஸோ வழக்கமாக முப்பது நொடியே பொறுக்கும். அதற்குள் விடை வராவிட்டால் இணைப்பை உதறி மீட்கப் பார்க்கும். முடிவில் வட்டையே விலக்கும். தொகுதிக்கென விற்கும் வட்டுகள் ஏறத்தாழ ஏழு நொடியில் முயற்சியைக் கைவிட்டு, "இந்த இடம் எனக்குப் படியவில்லை" என்று சொல்லிவிடும். கூட்டுத்தொகையைக் கொண்டு லினக்ஸ் அவ் விடத்தை நிரப்பிக்கொள்ளும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வீட்டு வட்டுகளை வாங்கியவனும் நானே. இரண்டாம் பிழை அது. அவ்வகை வட்டே கையில் இருப்பவர்கள், லினக்ஸின் பொறுமையை முப்பது நொடியிலிருந்து நூற்றெண்பது நொடியாக உயர்த்திக்கொள்ளலாம்.

கூர்ந்து படித்துவரும் அன்பர் ஒருவர் இங்கே கேட்கலாம்: "ஒரு வட்டு விழுந்தாலும் தாங்கும் என்றீரே! பின் முதல் இரவிலேயே கணிப்பொறி ஏன் நின்றது?" நல்ல கேள்வி. என்னையும் இரண்டு நாள் தூங்கவிடாத கேள்வி அது. கணிப்பொறியின் நினைவகத்தில் இடம் போதாதபோது, சிலவற்றை வட்டில் ஓரிடத்தில் இறக்கிவைத்து எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தை ஸ்வாப் என்பர். இரண்டாம் வட்டின் தொடக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமாக இருக்கக் கண்டு, அதையே ஸ்வாப் ஆக்கியிருந்தேன். அந்த இடம் தொகுதிக்கு வெளியே, காப்பார் இல்லாத ஒற்றை வட்டில் இருந்தது. வட்டு விழுந்ததும் தொகுதி தப்பியது. இறக்கிவைத்ததைத் திரும்ப எடுக்க முடியாமல் கணிப்பொறி விழுந்தது. வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதை. மூன்றாம் பிழையும் முதன்மையான பிழையும் அதுவே. இப்போது அவ் விடத்தையும் இரண்டு வட்டுகளில் ஒன்றுபோல் எழுதுமாறு அமைத்துவிட்டேன்.

எல்லாம் மீண்டனவா என்றால், இல்லை. மூன்றாம் வட்டில் விடுபட்ட அந்த ஏழு பதிவுகளின் விலை, ஞாயிறு மாலை படமெடுத்த ஐந்து குடும்பத்தாரின் கோப்புகள். அவை திறக்கவில்லை. பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த ஞாயிறன்று தாராவிக்கு நடந்தேன். நால்வர் தாளை மறுபடியும் கொடுத்தனர். ஐந்தாமவர் வீட்டில் மூலச் சீட்டு இல்லை. இடையில் ஓர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டாராம். பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டும் இருந்தது.

"அக்கா, குறை என்னுடையது" என்றேன்.

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் உங்கள் பெட்டியை நம்பித்தான் தம்பி, நகல்கூட எடுக்காமல் கொடுத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த ரசீதையாவது இரண்டு நகல் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே. ரெய்டு என்பது வண்டி நடுவழியில் நிற்காமல் காப்பது. சரக்குக்குக் காப்பு அன்று. வட்டு கெடுவதற்கு மட்டுமே அது மருந்து. தவறுதலாக அழித்ததை அது மீட்காது. நான்கு வட்டிலும் ஒரே நொடியில் ஒழுங்காக அழித்துவிடும். 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், உலகெங்கும் உள்ள நிரலாளர் பயன்படுத்தும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், ஊழியர் ஒருவர் களைத்த வேளையில் தவறான கணிப்பொறியில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். அங்கே ஐந்து வகைக் காப்புகள் ஏற்பாடாகியிருந்தன. தேவைப்பட்ட வேளையில் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு படியே அவர்களைக் கரையேற்றியது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் உலகறிய எழுதினார்கள். இக் கட்டுரைக்கு எனக்குத் துணிவு தந்ததும் அதுவே.

ஒரே அறையில் எத்தனை படி இருந்தாலும் அது ஒரு படிக்கே சமம். 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாளை நம்மில் யார் மறப்பர்? சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அப்போது பள்ளி மாணவனாயிருந்த நான், தாராவியில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி நீரில் மிதந்ததைக் கண்டேன். அதனுள் தந்தையார் பத்திரமாக அடுக்கிய மூலமும் நகலும் ஒன்றாகவே கூழாயின. தப்பியது, திருநெல்வேலியில் சிற்றப்பா வீட்டில் கிடந்த ஒரு நகல் மட்டுமே. அதைக்கொண்டே மற்றவற்றைத் திரும்பப் பெற்றோம்.

அந்த நினைவோடு இப்போது சங்கத்தில் செய்திருக்கும் ஏற்பாடு இது. இரண்டு வட்டுகள் விழுந்தாலும் தாங்கும் ஆறாம் வகைக்குத் தொகுதியை மாற்றியுள்ளோம். வட்டு விழுந்தால் செயலாளருக்கும் எனக்கும் இளைஞர் இருவருக்கும் மடல் வரும். ஒவ்வொரு திங்களும் முதல் நாளன்று வேண்டுமென்றே ஒரு சோதனை மடல் அனுப்பிப் பார்க்கிறோம். முதல் ஞாயிறுதோறும் நான்கு வட்டுகளையும் முழுவதும் படித்துக் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் வேலை தானே நடக்கிறது. டெபியன் வகை லினக்ஸில் அது முன்னமே அமைந்திருப்பதே. வாரந்தோறும் ஒரு படி செம்பூரில் ஓர் அன்பர் வீட்டுக்குச் செல்கிறது. மூன்று திங்களுக்கு ஒரு முறை கடவுச்சொல்லால் பூட்டிய இன்னொரு படி, ஊருக்குப் போகும் உறுப்பினர் கையில் நாகர்கோவில் வண்டியில் ஏறுகிறது. படியெடுத்ததோடு நில்லாமல், அதிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்து பார்த்துக் கையெழுத்திடுகிறோம். திறந்து பாராத படியைப் படி என்று எண்ணுவதற்கில்லை.

வீடுகளில் ரெய்டு இராது, வேண்டியதும் இல்லை. ஆனால் இன்று இதழை மடித்து வைத்ததும் ஒன்று செய்யுங்கள். குடும்ப அட்டை, பழைய மின்கட்டணச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுங்கள். வீட்டில் ஒரு படி, வேறு தெருவில் உள்ள உறவினரிடம் ஒரு படி, ஊரில் ஒரு படி என்று வையுங்கள். மூலத்தை எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் நகல் எடுத்தபின் கொடுங்கள். சங்கத்துப் பெட்டி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அப் பெட்டியை அமைத்தவனே சொல்கிறேன்.

எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால், எண்ணை மாற்றிக் கூட்டுத்தொகையை மாற்றாமல் விட்ட கணக்குப்போல வட்டுகள் முரண்பட்டு நிற்கும். அதனைத் தடுக்கும் யு.பி.எஸ். கருவியைப் பற்றியும், அதன் மின்கலத்தை எப்போது மாற்றவேண்டும் என்பது பற்றியும் அடுத்த திங்கள் நோக்குவோம். ஐயம் உடையவர்கள் ஞாயிறு மாலையில் படிப்பகத்துக்கு வருக. நான் அங்கேதான் இருப்பேன். எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு.